நிமிட முள் ஏன் பிசகுகிறது?
குரோனோகிராப் கைக்கடிகாரத்தில் பிழை காணும் முறை

நின்றுவிட்ட கடிகாரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதைப் பார்த்தவுடனேயே அது பயன்படாது என்று அறிந்து வேறு கடிகாரத்தைத் தேடிக்கொள்கிறோம். ஓடிக்கொண்டே பிழையான நேரம் காட்டும் கடிகாரமோ அத்தகையதன்று. அதன் ஓசை சீராக இருக்கிறது, முட்கள் நகர்கின்றன, நாமும் நம்பிவிடுகிறோம். இவ்வகைப் பிழைகளுள் கண்டுபிடிக்கக் கடினமானது நிமிட முள்ளின் பிசகு. வினாடியில் நேரும் தவறு சிறிது. மணியில் நேரும் தவறு உடனே கண்ணிற் படும். நிமிடத்தில் நேரும் தவறு இவ்விரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும்.

பொறியால் இயங்கும் குரோனோகிராப் கைக்கடிகாரத்தில் இப்பிசகு இன்னும் சிக்கலானது. ஏனெனில் அதில் நிமிடம் காட்டும் முட்கள் இரண்டு. அவ்விரண்டும் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வெக் காரணங்களால் இடம் தவறுகின்றன, கடிகாரத்தைத் திறவாமலே அக்காரணத்தை எவ்வாறு அறியலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நேரம் குறிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது. ஆதலின் இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

குரோனோகிராப் என்பது யாது?

ஒரே கூட்டுக்குள் வாழும் இரு கடிகாரங்களே குரோனோகிராப் எனலாம். ஒன்று நாள் முழுதும் ஓடி மணி காட்டுவது. மற்றொன்று நாம் பொத்தானை அழுத்தும்போது மட்டும் புறப்பட்டு, மீண்டும் அழுத்தும்போது நின்று, வேறொரு பொத்தானை அழுத்தினால் சுழிக்குத் திரும்புவது. இரண்டுக்கும் வேண்டிய விசையை ஒரே சுருள்வில்லே தருகிறது.

‘குரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல் காலத்தைக் குறிக்கும்; ‘கிராபோ’ என்றால் எழுதுகிறேன் என்பது பொருள். காலத்தை எழுதுவது என்ற இப்பெயர் வெறும் உவமையாக வந்ததன்று. 1821-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடந்த குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா ரியூசெக் என்பவர் ஒரு பொறியைக் கொண்டு நேரம் குறித்தார். ஒவ்வொரு குதிரையும் எல்லையைக் கடந்தபோது அப்பொறி சுழலும் முகப்பின்மேல் ஒரு மைத்துளியை வைத்தது. காலம் மெய்யாகவே எழுதப்பட்டது. இக்காலக் கருவி எதையும் எழுதுவதில்லை. எனினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. ரியூசெக்குக்கு முன்னரே, 1816-இல், லூயி மொயினே என்பவர் வானியல் ஆய்வுக்காக ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்து முடித்திருந்தார். அச்செய்தி 2013-ஆம் ஆண்டில்தான் உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

முட்களை ஒரே அழுத்தில் சுழிக்குக் கொண்டுவரும் நெஞ்சுவடிவத் தகட்டுக்கு அடால்ப் நிக்கோல் என்பவர் 1844-இல் காப்புரிமை பெற்றார். 1887-இல் எடுவார்டு ஹோயர் அசையும் சிறுசக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தானே சாவி ஏறும் குரோனோகிராப்புகள் 1969-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தன. சுவிட்சர்லாந்தில் ஜெனித் நிறுவனமும், ஹோயர், பிரைட்லிங் முதலியோர் அடங்கிய குழுவும், ஜப்பானில் சைக்கோ நிறுவனமும் அவ்வாண்டில் போட்டியிட்டுக்கொண்டு அவற்றை வெளியிட்டன. 1970-களின் முற்பகுதியில் வந்த வால்ஜூ 7750 என்னும் பொறி இன்றும் பல நிறுவனங்களின் கடிகாரங்களுக்குள் ஓடுகிறது. அதன் முகப்பில் 12-க்குக் கீழே முப்பது நிமிடக் கணக்கு வட்டமும், 6-க்கு மேலே பன்னிரண்டு மணிக் கணக்கு வட்டமும், 9-இன் பக்கம் எப்போதும் ஓடும் வினாடி வட்டமும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பர்.

பெயர்க் குழப்பம் நேராதிருக்க நான்கு முட்களுக்கு இக்கட்டுரையில் பெயரிட்டுக்கொள்வோம். நடுவிலிருந்து நாளின் நிமிடத்தைக் காட்டுவது நடு நிமிட முள். சிறு வட்டத்தில் எப்போதும் சுற்றுவது ஓடும் வினாடி முள். பொத்தானை அழுத்தினால் புறப்படும் நீண்ட முள் கணக்கு வினாடி முள். அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணிக் காட்டும் சிறு முள் கணக்கு நிமிட முள். ‘நிமிட முள் சரியில்லை’ என்று மட்டும் சொல்லிக் கடிகாரத்தைக் கடையில் கொடுத்தால், பழுதுபார்ப்பவர் எந்த முள் என்றறியாது இடர்ப்படுவார். பாதி வேலை பெயரைத் தெளிவாகச் சொல்வதிலேயே முடிந்துவிடுகிறது.

உள்ளே நடப்பது

மணிக்கு ஒருமுறை சுற்றும் அச்சு ஒன்று கடிகாரத்தின் நடுவே உண்டு. அவ்வச்சின்மேல் குழாய் வடிவான சிறு பற்சக்கரம் ஒன்று இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். இதனைக் குழாய்ச் சக்கரம் என்போம். நடு நிமிட முள் இதன் தலையில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. குழாய்ச் சக்கரம் அச்சோடு பற்றவைக்கப்படவில்லை. உராய்வினால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கடிகாரம் ஓடும்போது அவ்வுராய்வு முள்ளை இழுத்துச் செல்லும். நாம் சாவிக் குமிழை வெளியே இழுத்து நேரம் திருத்தும்போது அவ்வுராய்வை மீறிக் குழாய்ச் சக்கரம் வழுக்கிச் சுழலும். உள்ளிருக்கும் மற்றச் சக்கரங்கள் அசையா. மிக இறுக்கமாயின் நேரம் திருத்த முடியாது. மிகத் தளர்வாயின் முள் பின்தங்கிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவே பொறியாளரின் திறமை.

நிமிட முள்ளின் பன்னிரண்டு சுற்றுக்கு மணி முள் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இதற்கு இடையே ஒரு சக்கரம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, குழாய்ச் சக்கரத்தில் 12 பற்களும் இடைச் சக்கரத்தில் 36 பற்களும் இருந்தால், இடைச் சக்கரம் மூன்று மணிக்கு ஒருமுறை சுற்றும். இடைச் சக்கரத்தோடு ஒட்டிய 10 பல் சிறுசக்கரம் 40 பல் உள்ள மணிச் சக்கரத்தை ஓட்டினால், வேகம் இன்னும் நான்கில் ஒன்றாகும். மூன்றை நான்கால் பெருக்கப் பன்னிரண்டு. பின்னப் பெருக்கல் பயிலும் மாணவர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

நடு நிமிட முள்ளின் பிசகுகள்

முகப்பில் ஒரு நிமிடம் என்பது ஆறு பாகை. முகப்பின் குறுக்களவு 30 மில்லிமீட்டராயின், ஒரு நிமிடக் கோட்டிற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அரை நிமிடப் பிசகு முக்கால் மில்லிமீட்டர்தான். ஆகவே முதலிற் செய்யத்தக்கது கடிகாரத்தை நேர் எதிராக வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. சாய்வாகப் பார்த்தால் முள்ளுக்கும் முகப்புக்கும் இடையேயுள்ள வெளியினால் முள் இடம் மாறியது போலத் தோன்றும். இது கண்ணின் பிசகு, கடிகாரத்தின் பிசகன்று.

இரண்டாவது, வெறும் அமைப்புப் பிசகு. ஓடும் வினாடி முள் 60-இல் நிற்கும்போது நடு நிமிட முள் இரு கோடுகளுக்கு இடையே நிற்கிறது என்று பலர் வருந்துவர். இது பெரும்பாலும் பழுதன்று. நேரம் திருத்தும்போது வினாடியைக் கருதாமல் நிமிடத்தை மட்டும் வைத்ததன் விளைவே இது. குமிழை இழுத்ததும் வினாடி முள் நிற்கும் வகைக் கடிகாரமாயின், வினாடி முள் 60-ஐ அடையும்போது குமிழை இழுத்து, நிமிட முள்ளை ஒரு கோட்டின்மேல் சரியாக வைத்து, வானொலியின் மணியொலிக்குக் குமிழை உள்ளே தள்ளினால் போதும்.

அவ்வாறு வைத்தும் குமிழை உள்ளே தள்ளும்போது முள் சற்றுத் துள்ளுவதுண்டு. பற்களுக்கிடையே உள்ள சிறு வெளியே இதற்குக் காரணம். பல் பல்லோடு ஒட்டாமல் சிறிது இடம் விட்டே சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. இல்லையேல் அவை இறுகி நின்றுவிடும். நிமிட முள் நேரே நடு அச்சினால் இழுக்கப்படாமல் பக்கத்துச் சக்கரம் ஒன்றின் வழியாக இழுக்கப்படும் பொறிகளில், இவ்வெளி நிரம்பும்வரை முள் சிறிது நேரம் அசையாமல் நின்று பிறகு நகரத் தொடங்குவதும் உண்டு. இதற்கு மருந்து எளியது. முள்ளைக் குறித்த கோட்டுக்கு ஒருமுறை முன்னோக்கிக் கொண்டுவந்தும், மற்றொருமுறை கோட்டைத் தாண்டிப் பின்னோக்கிக் கொண்டுவந்தும் சோதித்துப் பாருங்கள். எம்முறையில் முள் துள்ளாமலும் தயங்காமலும் புறப்படுகிறதோ, அம்முறையையே எப்போதும் கைக்கொள்க.

மூன்றாவது, குழாய்ச் சக்கரத்தின் தளர்ச்சி. இதுவே மெய்யான பழுது. இதன் அடையாளம் ஓடும் வினாடி முள்ளும் நடு நிமிட முள்ளும் தம்முள் பிரிந்து போதல். காலை எட்டு மணிக்கு, வினாடி 60-இல் இருக்கும்போது நிமிட முள்ளைக் கோட்டின்மேல் வைக்கிறோம். பகல் பன்னிரண்டுக்கு வினாடி முள் வானொலி மணியோடு ஒத்திருக்கிறது. நிமிட முள்ளோ இரண்டு நிமிடம் பின்னே நிற்கிறது. அப்படியாயின் பொறி சரியாக ஓடுகிறது, உராய்வுப் பிடிதான் வழுக்குகிறது என்பது வெளிப்படை. நேரம் திருத்தும்போது குமிழ் எதிர்ப்பே இல்லாமல் இலேசாகச் சுழல்வதும் இதற்குத் துணைச் சான்று. மாறாக, வினாடியும் நிமிடமும் ஒன்றாகவே பிந்தினால் முள்ளில் குறையில்லை; கடிகாரத்தின் வேகத்தையே திருத்த வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல், நேரம் பிந்துகிறது என்று மட்டும் சொன்னால் தேவையற்ற வேலை நடக்கும்; பழுதும் அப்படியே இருக்கும்.

நான்காவது, முட்களைப் பொருத்தியதில் நேர்ந்த பிசகு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஆறு மணிக்கு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மணி முள் ஒரு நிமிடத்தில் அரைப் பாகையே நகர்கிறது. ஆகவே நிமிட முள் 12-இல் இருக்கும்போது மணி முள் தன் எண்ணிலிருந்து இரண்டு பாகை விலகியிருந்தால், இரு முட்களுக்கும் இடையேயுள்ள பொருத்தம் நான்கு நிமிடம் தவறியுள்ளது என்று அறியலாம். 3, 6, 9, 12 ஆகிய நான்கு மணிகளிலும் ஒரே அளவு விலகியிருந்தால் முள்ளைக் கழற்றிச் சரியான இடத்தில் அழுத்தினாலே தீரும்.

ஐந்தாவது, முகப்பே திரும்பியிருத்தல். முகப்பின் அடியிலுள்ள சிறு கால்களால் அது பொறியோடு பிணைக்கப்பட்டுள்ளது. கால் ஒன்று ஒடிந்தாலோ அதைப் பிடிக்கும் திருகு தளர்ந்தாலோ முகப்பு சற்றுச் சுழன்றுவிடும். இப்போது பன்னிரண்டு மணிக்கு இரு முட்களும் தம்முள் ஒன்றியே நிற்கும்; ஆனால் 12 என்ற குறியின்மேல் நில்லா. கணக்கு வினாடி முள்ளும் சுழிக்குத் திரும்பியபின் அதே பக்கத்தில் அதே அளவு விலகி நிற்கும். மூன்று முட்களும் ஒருமுகமாகத் தவறு செய்தால் முட்களைச் சந்தேகிக்கலாகாது. முகப்பைச் சந்தேகிக்க வேண்டும். இனி, முகப்பு சுழலாமல் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் பிழை வேறு வடிவில் தோன்றும். ஓரிடத்தில் முள் முந்தினால் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் அதே அளவு பிந்தும். அவ்விரண்டுக்கும் நடுவில் பிழை இராது.

ஆறாவது, முட்கள் ஒன்றோடொன்று உரசுதல். நடுவில் மணி முள், அதன்மேல் நிமிட முள், அதன்மேல் கணக்கு வினாடி முள் என மூன்று அடுக்குகள் மிக நெருங்கியுள்ளன. ஒன்று இம்மியளவு வளைந்தாலும் மற்றொன்றைத் தடுக்கும். நிமிட முள் மணி முள்ளை ஏறக்குறைய 65 நிமிடம் 27 வினாடிக்கு ஒருமுறை கடக்கிறது. ஆகவே ஒவ்வொரு மணியிலும் சற்றுப் பிந்தி வரும் ஓரிடத்தில் கடிகாரம் தயங்குவதாகத் தெரிந்தால், அவ்வேளையில் முட்கள் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

கணக்கு நிமிட முள்

இனி இரண்டாம் கடிகாரத்திற்கு வருவோம். கணக்கு வினாடி முள்ளின் சக்கரத்தில் விரல் போன்ற ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் ஒரு சுற்று முடிக்குந்தோறும் அவ்விரல் இடைச் சக்கரம் ஒன்றின் பல்லைத் தள்ள, அச்சக்கரம் கணக்கு நிமிட முள்ளின் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். நகர்ந்த சக்கரம் முன்னும் பின்னும் ஆடாதபடி மெல்லிய தடுப்பு வில் ஒன்று அதன் பல்லிடுக்கில் படிந்து பிடித்துக்கொள்ளும். முப்பது நிமிட வட்டத்தில் ஒரு நிமிடம் பன்னிரண்டு பாகை.

இம்முள் துள்ளி நகர்வதாயின், வினாடி முள் 60-ஐ நெருங்கும்போது அசையத் தொடங்கி, 60-ஐ ஒட்டி அடுத்த கோட்டில் போய் விழ வேண்டும். சில பொறிகளில் முள் துள்ளாது. மணி முள் போல மெல்ல ஊர்ந்து செல்லும். ஊரும் வகையில், வினாடி முள் 30-இல் இருக்கும்போது கணக்கு நிமிட முள் இரு கோடுகளுக்குச் சரிநடுவே இருப்பதுதான் முறை. அங்கே நிற்கக் கண்டு பழுதென்று எண்ணுவது பிழை. ஆகவே நம் கடிகாரம் எவ்வகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

துள்ளும் வகையில் காணப்படும் பிசகுகள் நான்கு. முள் எப்போதும் இரு கோடுகளுக்கு நடுவே நின்றால், முள் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். அல்லது தடுப்பு வில் இடம் மாறியிருக்கலாம். ஒரே சுற்றில் இரண்டு கோடு தாண்டினால் தடுப்பு வில் வலுவிழந்திருக்கலாம். அல்லது விரல் பல்லுக்குள் மிக ஆழமாகப் புகுந்திருக்கலாம். சில வேளை நகர்ந்து சில வேளை நகராதிருந்தால் விரல் பல்லை ஒழுங்காக எட்டவில்லை. தவறாமல் நகர்ந்தாலும் 60-ஐ விட்டு முன்னோ பின்னோ நகர்ந்தால், விரலின் நிலையைத் திருத்த வேண்டும். இந்நான்காவது பிசகே மிகப் பொல்லாதது. அதன் விளைவை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

மூன்று வினாடி ஒரு நிமிடமானது

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கப்பள்ளிகளுக்கான குறுக்கோட்டப் போட்டி ஒன்றில், மாணவியர் இரு பிரிவாக ஓடினர். இரு பிரிவிலும் நேரத்தால் சிறந்தவர்களை அடுத்த கட்டத்திற்குத் தேர்ந்தெடுப்பது ஏற்பாடு. இரண்டாம் பிரிவின்போது மின்கலக் கடிகாரம் நின்றுபோகவே, நேரம் குறித்தவர் தம் கையிலிருந்த குரோனோகிராப்பைக் கொண்டு, எல்லையைக் கடந்த ஒவ்வொருவரின் நேரத்தையும் முள்ளை நிறுத்தாமலே படித்துச் சொன்னார். மூன்றாவதாக வந்த சிறுமிக்கு 11 நிமிடம் 57 வினாடி. அவளுக்கு நான்கு வினாடி பின்னே ஓடி வந்த தோட்டப் பள்ளிச் சிறுமிக்கு 11 நிமிடம் 1 வினாடி என்று எழுதப்பட்டது.

பின்னால் வந்தவளுக்கு முன்னால் வந்தவளைவிடக் குறைந்த நேரம் எவ்வாறு அமையும்? பதிவு பிழை என்பது யாவருக்கும் தெரிந்தது. ஆனால் சரியான நேரம் யாது என்று ஒருவரும் ஆராயவில்லை. அவள் நேரத்தை அடித்துவிட்டனர். முதற் பிரிவில் 12 நிமிடம் 9 வினாடியில் ஓடியவள் தேர்வு பெற்றாள். போட்டி முடிந்தபின், பார்வையாளராக நின்ற எங்களில் சிலர் அக்கடிகாரத்தை வாங்கி ஓட்டிப் பார்த்தோம். கணக்கு நிமிட முள் 60-இல் துள்ளாமல் அடுத்த சுற்றின் மூன்றாம் வினாடியில் துள்ளியது. சிறுமி ஓடியது 12 நிமிடம் 1 வினாடி. பன்னிரண்டாம் நிமிடத்திற்கு முள் இன்னும் செல்லாத அந்த மூன்று வினாடி இடைவெளியில் அவள் எல்லையைத் தொட்டிருக்கிறாள். முறையீடு செய்வதற்குரிய நேரம் அதற்குள் கடந்துவிட்டது. அக்குழந்தை ஒன்றும் கேட்கவில்லை; காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.

இப்பிசகு அதுவரை தெரியாமல் இருந்ததேன் என்பதும் எண்ணத்தக்கது. அறுபது வினாடியில் மூன்று வினாடி மட்டுமே பிழையான பகுதி. எனவே இருபது முறை நேரம் பார்த்தால் சராசரியாகப் பத்தொன்பது முறை சரியான விடையே கிடைக்கும். பத்தொன்பது முறை மெய் சொன்ன கருவியை இருபதாம் முறை யார் ஐயுறுவர்? வேறொன்றும் கருதத்தக்கது. பிழை மூன்று வினாடியாயினும் பதிவில் அது ஒரு முழு நிமிடமாக வந்து நிற்கிறது. வினாடி முள் 0-க்கும் 5-க்கும் இடையே நிற்கும்போது படித்த நேரத்தை எப்போதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

நிலையான பிழையும் மாறும் பிழையும்

சுழிக்குத் திரும்பும் வேலையைச் செய்வது நெஞ்சுவடிவத் தகடு. இது கணக்கு முட்களின் அச்சோடு சேர்ந்து சுழலும். பொத்தானை அழுத்தியதும் சுத்தியல் போன்ற நெம்புகோல் ஒன்று அத்தகட்டின் விளிம்பில் அடிக்கும். தகடு எந்நிலையில் இருந்தாலும், அதன் மிகக் குறுகிய இடம் சுத்தியலுக்கு நேரே வரும்வரை வழுக்கித் திரும்பிவிடும். அவ்விடமே சுழி. முள் 30 வினாடிக்கு முன் நின்றிருந்தால் வந்த வழியே பின்னோக்கித் திரும்பும். 30-ஐத் தாண்டி நின்றிருந்தால் முன்னோக்கிச் சென்று சுழியை அடையும்.

திரும்பிய முள் சுழியில் நில்லாமல் விலகினால் பின்வரும் சோதனையைச் செய்க. முள்ளை 10, 25, 35, 50 ஆகிய வினாடிகளில் மாற்றி மாற்றி நிறுத்திச் சுழிக்குத் திருப்புக. ஒவ்வொரு முறையும் எங்கே வந்து நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொள்க. இவ்வாறு பத்து முறை செய்தால் காரணம் தானே வெளிப்படும்.

பத்து முறையும் ஒரே இடத்தில் நின்றால் அது நிலையான பிழை. முள் தொடக்கத்திலேயே தவறான கோணத்தில் அழுத்தப்பட்டுள்ளது, பொறியில் குறையில்லை. 10, 25-இலிருந்து திரும்பும்போது சுழிக்கு வலப்பக்கத்திலும், 35, 50-இலிருந்து வரும்போது இடப்பக்கத்திலும் நின்றால், சுத்தியல் முழுமையாகப் படியவில்லை. தூசியோ, தடித்துப்போன எண்ணெயோ, சுத்தியல் வில்லின் சோர்வோ காரணமாகலாம். எவ்வொழுங்கும் இன்றி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் நின்று, போகப் போக விலக்கம் மிகுந்தால், முள் தன் அச்சில் தளர்ந்து சுழல்கிறது. சுழிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் முள்ளுக்கு ஓர் அதிர்ச்சி உண்டாவதால், பல்லாண்டு உழைத்த குரோனோகிராப்புகளில் இத்தளர்ச்சி நேர்வது இயல்பு. கணக்கு நிமிட முள்ளுக்கும் இதே சோதனை பொருந்தும். ஐந்தாம் நிமிடத்திலும் இருபத்தைந்தாம் நிமிடத்திலும் நிறுத்தித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நிலையான பிழை உள்ள கருவியை அப்பிழையின் அளவு தெரிந்தால் கழித்துக்கொண்டு பயன்படுத்தலாம். மாறும் பிழை உள்ளதைப் பழுதுபார்க்கும்வரை போட்டிக்கு எடுத்தலாகாது. அளவுக் கருவி எதற்கும் இவ்விதி பொருந்தும்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

கடிகாரத்தின் பின்மூடியை வீட்டில் திறத்தல் வேண்டா. முள்ளைக் கழற்றுவதற்குத் தனிக் கருவிகள் உண்டு. கத்தி முனையால் நெம்பினால் முகப்பும் கெடும், அச்சும் வளையும். பிசகிய முள் இடத்தில் வந்து விழும் என்று எண்ணிக் கடிகாரத்தைக் கையில் தட்டுவதும் தவறு. கணக்கு முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுழிப் பொத்தானை அழுத்தலாகாது. அதற்கென்றே அமைந்த சில பொறிகளைத் தவிர மற்றவற்றில் முதலில் நிறுத்தி, பின்னரே சுழிக்குத் திருப்ப வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றும் வியர்வையும் பொத்தான்களின் வழியே உட்புகக்கூடும். ஆதலின் நனைந்த கையோடு பொத்தானை அழுத்தாதிருப்பது நல்லது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியைத் துப்புரவு செய்து புது எண்ணெய் இடச் செய்தல் வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது ஒரு சிறு தாளில் பின்வருவனவற்றை எழுதிக் கொடுங்கள். பிசகு நடு நிமிட முள்ளிலா, கணக்கு நிமிட முள்ளிலா? ஒரே அளவா, மாறுகிறதா? ஓடும் வினாடி முள் சரியான நேரத்தோடு ஒத்திருக்கிறதா? பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் மணி முள்ளும் நிமிட முள்ளும் எவ்வாறு நிற்கின்றன? குமிழ் இலேசாகச் சுழல்கிறதா, இறுக்கமாகவா? கணக்கு நிமிட முள் எந்த வினாடியில் துள்ளுகிறது? இவ்வாறு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் நல்ல தொழிலாளி மூடியைத் திறக்குமுன்பே பழுதின் இருப்பிடத்தை ஏறக்குறைய அறிந்துகொள்வார்.

போட்டிக்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு நான்கு நிமிடமும் சிறிது பொறுமையும் போதும். கணக்கு முள்ளை ஓடவிட்டு மூன்று முறை 60-ஐக் கடக்கும்போது நிமிட முள் துள்ளுவதைப் பாருங்கள். பிறகு நிறுத்திச் சுழிக்குத் திருப்புங்கள். இரண்டு கடிகாரங்களை ஒருசேர ஓட்டி ஒப்பிட்டால் இன்னும் நன்று. 1970-ஆம் ஆண்டு ஏப்ரலில், விண்ணில் பழுதுற்ற அப்போலோ 13 கலத்தின் வழியைத் திருத்த 14 வினாடி மட்டும் பொறியை எரிக்க வேண்டியிருந்தபோது, அதனை அளந்தது விண்வெளி வீரர் ஒருவர் கையிலிருந்த ஓமேகா குரோனோகிராப்தான். அத்துணை நம்பிக்கைக்கு உரிய கருவி அது. ஆனால் நம்பிக்கை சோதனையின் பயன், சோதனைக்கு மாற்றன்று. அக்கடிகாரத்தை வெப்பத்திலும் குளிரிலும் அதிர்விலும் வைத்து வாட்டிப் பார்த்த பின்னரே 1965-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

வகுப்பறைக்குச் சில வினாக்கள்

ஆசிரிய நண்பர்கள் உயர்நிலை வகுப்புகளில் இதனைக் கணக்குப் பாடமாகவும் பயன்படுத்தலாம். மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும்? இருபத்து நான்கு என்று பல மாணவர் விடையிறுப்பர். சரியான விடை இருபத்திரண்டு. பன்னிரண்டு மணி நேரத்தில் நிமிட முள் பன்னிரண்டு சுற்றும் மணி முள் ஒரு சுற்றும் சுற்றுவதால், ஒன்றை மற்றொன்று முந்துவது பதினொரு முறைதான். 720 நிமிடத்தைப் பதினொன்றால் வகுத்தால் முன் சொன்ன 65 நிமிடம் 27 வினாடி வரும். வினாடிக்கு எட்டு முறை துடிக்கும் வால்ஜூ 7750 ஒரு மணியில் எத்தனை முறை துடிக்கும்? 28,800 முறை. அதன் கணக்கு வினாடி முள்ளால் எட்டில் ஒரு வினாடிக்கும் குறைந்த காலத்தைப் பிரித்துக் காட்ட இயலாது என்பதையும் அவர்களே கண்டுகொள்வர்.

இக்கணக்குகளுக்கும் மேலான ஒரு பாடத்தையும் மாணவர்க்குச் சொல்லலாம். விடை பொருந்தாதபோது அதனை அடித்துவிடுவது எளிது. எங்கே பொருந்தவில்லை, எப்போதும் பொருந்தவில்லையா, சில வேளை மட்டுமா என்று கேட்பதே அறிவின் தொடக்கம். 11 நிமிடம் 57 வினாடிக்குப் பின் வந்த 11 நிமிடம் 1 வினாடியைக் கண்டவர்கள் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு குழந்தையின் உழைப்புக்கு உரிய நேரம் அவள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும்.